பிழைத்த குட்டியே வருமானம்

வெள்ளாடு வளர்த்துக் குடும்பம் நடத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஆடு வேண்டும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிறக்கிற குட்டிகளில் எத்தனை, விற்கும் வயது வரை உயிரோடு நிற்கும்? இறைச்சிக்காக ஆடு வளர்க்கும் வீட்டில் எரு விற்ற காசு கைச்செலவுக்கு உதவும். அரிசியும் பள்ளிக் கட்டணமும் வைத்தியச் செலவும் குட்டி விற்ற காசிலிருந்துதான் வந்தாக வேண்டும். எனவே இந்த அத்தியாயத்தில் சொல்லும் இனத்தேர்வு, தீவனம், கொட்டகை, தடுப்பூசி, சந்தை எல்லாமே குட்டியைக் காப்பாற்றி நல்ல விலைக்குக் கொண்டுசேர்ப்பதற்கான வழிகள்.

தமிழ்நாட்டு அரசு 2011-ல் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் என்று கணக்கு வைத்தது. நான்கு ஆடு, அவசரத்துக்குக் கை கொடுக்கும் சேமிப்பு. அதை வீட்டு வேலைக்கு நடுவில் பார்த்துக்கொள்ளலாம். 20 பெட்டை ஆடு என்றால் அது ஒரு ஆளின் முழுநேரத் தொழில். 40 பெட்டை என்றால் கணவன் மனைவி இருவரின் தொழில். எந்த நிலையில் நிற்கப்போகிறோம் என்பதைக் கடன் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் கணக்கு

20 பெட்டை, ஒரு கிடா உள்ள பட்டியை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். நன்றாகப் பராமரித்தால் ஒரு பெட்டை இரண்டு ஆண்டில் மூன்று முறை குட்டி போடும். அப்படிப் பார்த்தால் 20 பெட்டைக்கு ஆண்டுக்கு 30 ஈற்று. சினை பிடிக்காதவை, கருச்சிதைவு ஆனவை போக 26 என்று வைப்போம். இரட்டைக் குட்டியும் ஒற்றைக் குட்டியுமாகச் சராசரி 1.6 என்றால் 42 குட்டி பிறக்கும்.

நூற்றுக்குப் பத்து இறந்தால்: 38 குட்டி மிஞ்சும். பட்டியைப் புதுப்பிக்க 4 பெட்டைக் குட்டியை வைத்துக்கொண்டால் விற்க 34. ஒவ்வொன்றும் 18 கிலோ, உயிர் எடைக்குக் கிலோ 400 ரூபாய் என்றால் வரவு 2,44,800 ரூபாய்.

நூற்றுக்கு முப்பது இறந்தால்: 29 குட்டி மிஞ்சும். 4 போக விற்க 25. வரவு 1,80,000 ரூபாய்.

இரண்டுக்கும் இடையில் 64,800 ரூபாய் வித்தியாசம். தாய் ஆடுகள் தின்ற தீவனம் ஒன்றுதான், கொட்டகைச் செலவு ஒன்றுதான், உங்கள் உழைப்பும் ஒன்றுதான். ஒன்பது குட்டி செத்ததால் போன பணம் முழுவதும் இலாபத்திலிருந்து போன பணம்.

இனி செலவு. தாய் ஆடுகளுக்கு நாளுக்கு 150 கிராம், வளரும் குட்டிகளுக்கு 100 கிராம் என்று அடர்தீவனம் கொடுத்தால் ஆண்டுக்கு சுமார் 1,700 கிலோ ஆகும். கிலோ 30 ரூபாய் வீதம் 51,000. உலர்தீவனத்துக்கு 15,000. மருந்து, தடுப்பூசி, தாது உப்புக்கு 10,000. காப்பீடு, வேலிப் பழுது, சந்தை வண்டி வாடகைக்கு 15,000. ஆக மொத்தம் 91,000 ரூபாய். நிகரமாக ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல் நிற்கும். மாதம் பன்னிரண்டாயிரத்து சொச்சம். வேறு சிறு வருமானம் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல தாங்கல். ஆட்டை மட்டுமே நம்பும் குடும்பம் 40 பெட்டைக்குப் போக வேண்டும். ஆனால் 20-ல் குட்டிச் சாவைக் குறைக்கத் தெரியாதவர் 40-க்குப் போனால் நட்டம்தான் இரட்டிப்பாகும்.

உங்கள் மண்ணின் ஆடு

வறண்ட தென்மாவட்டங்களில் இரண்டு இனங்கள் நூற்றாண்டுகளாக நின்று காட்டியிருக்கின்றன. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் கன்னி ஆடு. கறுப்பு உடலில் முகத்திலும் காதிலும் காலிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, இராமநாதபுரம் கரிசலில் உயரமான, நெடுங்கால் கொண்ட கொடி ஆடு. வெள்ளையில் கறுப்புத் திட்டு இருப்பது கரும்போறை, சிவப்புத் திட்டு இருப்பது செம்போறை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு பகுதிகளுக்கு உடல் முழுதும் கறுத்த சேலம் கருப்பு. கேரளத்திலிருந்து வந்த தலைச்சேரி ஆடு எடையும் இரட்டைக் குட்டியும் கூடுதலாகத் தரும். கொட்டிலில் வைத்து, தீவனம் வெட்டிப் போட முடிந்தவர்களுக்கு அது பொருந்தும்.

எடை அதிகம் என்பதற்காகத் தூர தேசத்து ஆட்டைப் பெரும் விலைக்கு வாங்கித் தொடங்க வேண்டாம். மேய்ச்சலுக்குப் பழகிய நாட்டுப் பெட்டையும், நல்ல தாய்க்குப் பிறந்த தரமான கிடாவும் இருந்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

வாங்கும்போது சந்தையில் வாங்குவதைவிட வளர்ப்பவர் வீட்டுக்கே போய் வாங்குவது நல்லது. பல ஊர் ஆடுகள் ஒன்றுகூடும் இடத்தில் நோயும் ஒன்றுகூடும். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால் பல் மட்டும் இருந்தால் ஒரு வயதுக்குள். இரண்டு பல் போட்டது ஒன்றேகால் வயது அளவில் இருக்கும். நாலு பல் இரண்டு வயதை ஒட்டியது. இரண்டு பல், நாலு பல் ஆடுகளே தொழிலுக்கு ஏற்றவை. மடியில் இரண்டு காம்பும் சீராக இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அந்தத் தாய் முன்பு இரட்டை போட்டதா, இரண்டையும் வளர்த்து ஆளாக்கியதா என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். பட்டியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், அவர்களுக்கே உண்மை தெரியும். வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டி, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்ட பிறகே மந்தையில் சேருங்கள்.

20 முதல் 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். அந்தக் கிடாவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். தன் மகளையே கிடா சேர்ந்தால் பிறக்கும் குட்டிகள் சிறுத்தும் வலுவின்றியும் போகும். பக்கத்து ஊர்க்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி.

தீவனம் நிலத்தில் நிற்க வேண்டும்

வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிலோ பசுந்தீவனம் வேண்டும். மேய்ச்சலுக்கு விட்டால் பாதியை அது தானே தேடிக்கொள்ளும். மீதியை நீங்கள் வளர்க்க வேண்டும். விலைக்குத் தழை வாங்கி ஆடு வளர்த்தால், வரும் இலாபத்தைத் தழைக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் 20 பெட்டைக்கு ஓர் ஏக்கரை ஒதுக்கலாம். அதில் பாதிக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லோ, பலமுறை அறுக்கும் தீவனச் சோளமோ போடுங்கள். மறு பாதியில் வேலிமசால், வரப்பு நெடுக அகத்தி, சூபாபுல், கிளரிசிடியா, கல்யாண முருங்கை. புல் வயிற்றை நிரப்பும். பயறுவகைத் தழையும் மரத்தழையும் சதையை வளர்க்கும். இரண்டும் சேர்ந்தால்தான் எடை ஏறும். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். பூக்காத இளஞ்சோளத்தையும், வாடி மறுதளிர் விட்ட சோளத்தையும் மேயவிடாதீர்கள். அதில் உள்ள சயனைடு சில நிமிடத்தில் ஆட்டைச் சாய்த்துவிடும்.

மானாவாரி நிலம் மட்டுமே உள்ளவர்களுக்குக் கொங்கு நாட்டுக் கொறங்காடு நல்ல பாடம். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை முள்வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, காட்டைப் பாத்தியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். கோடையில் புல் காய்ந்தபோது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டைக் காப்பாற்றும். முயல்மசாலை மழைக்கு முன் தூவிவிட்டால் அதுவும் அந்த மண்ணில் வரும்.

நிலக்கடலைக் கொடி, உளுந்து, துவரைப் பொட்டு இவற்றை அறுவடைக் காலத்தில் விலை குறைவாகக் கிடைக்கும்போதே வாங்கி, மழை படாமல் அடுக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆடு வெளியே போக முடியாத நாட்களுக்கு அது உணவு.

கிடா சேரும் மாதம்

பெரும்பாலான பட்டிகளில் கிடா ஆண்டு முழுதும் பெட்டைகளோடு திரிகிறது. குட்டி எப்போது வேண்டுமானாலும் விழுகிறது. அதில் பல அடைமழைக்குள் பிறந்து, ஈரத்தில் நனைந்து, சளியும் கழிச்சலும் கண்டு சாகின்றன. பிழைத்தவையும் விலை இல்லாத மாதத்தில் விற்கும் வயதுக்கு வருகின்றன. கிடாவைத் தனியே கட்டி, ஆண்டில் மூன்று பருவத்தில் மட்டும் சேர்த்தால் இந்த இரண்டு நட்டமும் ஒன்றாகக் குறையும்.

ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி. அந்தக் குட்டி எட்டு ஒன்பது மாதத்தில் தீபாவளிச் சந்தைக்குத் தயாராகும்.

மார்கழியில் சேர்த்தால் வைகாசியில் குட்டி. பொங்கலுக்கு விற்கலாம்.

சித்திரையில் சேர்த்தால் புரட்டாசியில் குட்டி. அடைமழை வலுக்கும்போது ஒரு மாதக் குட்டியாகத் தாங்கி நிற்கும். அடுத்த சித்திரை, வைகாசியில் ஊர்க் கொடைகளுக்கு விற்கலாம்.

20 பெட்டையைப் பத்துப் பத்தாக இரண்டு பிரிவாக்குங்கள். காதில் வெவ்வேறு நிற வில்லை போடுங்கள். முதல் பிரிவு தையிலும் புரட்டாசியிலும், மறு ஆண்டு வைகாசியிலும் குட்டி போடும். இரண்டாம் பிரிவு வைகாசியிலும், மறு ஆண்டு தையிலும் புரட்டாசியிலும் போடும். ஒவ்வொரு பெட்டைக்கும் இரண்டு ஈற்றுக்கு நடுவில் எட்டு மாதம் கிடைக்கும். குட்டி போட்ட மூன்றாம் மாதத்தில் பால் மறக்கும்போது கிடா சேரும். உங்கள் கைக்கு ஆண்டில் மூன்று முறை பணம் வரும். ஒரு பருவத்தில் சினை பிடிக்காத ஆடு அடுத்த பிரிவோடு சேர்ந்துகொள்ளும். அடுத்தடுத்து இரண்டு பருவம் ஏமாற்றினால் அதை விற்றுவிடுங்கள்.

பெட்டையின் பருவ வேட்கை ஒன்றரை நாள் அளவே நிற்கும். தவறினால் 18 முதல் 21 நாளில் திரும்பும். எனவே ஒவ்வொரு பருவத்திலும் கிடாவை ஆறு வாரம் மந்தையில் விட்டால் இரண்டு வாய்ப்புக் கிடைக்கும். கிடா சேர்க்கும் இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே பெட்டைகளுக்குக் கூடுதலாக 200 கிராம் தானியமோ அடர்தீவனமோ கொடுங்கள். உடல் தேறும்போது இரட்டைக் குட்டி பிடிக்கும் வாய்ப்பு ஏறும்.

முதல் 90 நாள்

சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் கருவிலுள்ள குட்டி வேகமாக வளரும். அந்தக் காலத்தில் தாய்க்கு அடர்தீவனத்தைக் கூட்டுங்கள். தூரத்து மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மெலிந்த தாய்க்குப் பிறக்கும் ஒன்றரைக் கிலோக் குட்டியை எந்த மருந்தும் எளிதில் காப்பாற்றாது. இரண்டு கிலோவுக்கு மேல் பிறந்த குட்டி எழுந்து தானே காம்பைத் தேடும்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தொப்புள்கொடியை இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, டிஞ்சர் அயோடின் தடவுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்தத் தாமதத்தில் குட்டி பலவீனமாகிவிடும். நோயை எதிர்க்கும் சத்து சீம்பால் வழியாகவே குட்டிக்குப் போகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் குடலின் திறன் முதல் நாளுக்குள்ளேயே மங்கிவிடும். முதல் மூன்று நாள், குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். மூன்று குட்டி போட்ட தாயிடம் பால் போதாவிட்டால், அன்று ஈன்ற வேறு தாயிடம் ஊட்டுங்கள்.

குட்டிகளைத் தரையின் ஈரத்திலிருந்து பிரியுங்கள். பரண் அமைத்தால் நல்லது. சிறு பட்டிக்கு ஒரு மூலையில் காய்ந்த வைக்கோல் பரப்பி, வாரம் ஒருமுறை மாற்றினாலும் போதும். வளர்ந்த ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி, குட்டிக்கு 4 முதல் 5 சதுர அடி இடம் கணக்கு. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும்.

இரண்டு வாரத்திலிருந்து இளந்தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். குட்டி கடித்துப் பழகும், வயிறு தழைக்குத் தயாராகும். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால் பெரும்பாலும் அது குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி. அந்தக் குட்டியைத் தனியே பிரித்து அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெருக்கமும் ஈரமும் குறைந்த கொட்டகையில் இந்த நோயும் குறையும். 90 நாளில் பாலை மறக்கடியுங்கள்.

ஒரு நோட்டில் ஈற்றுத் தேதி, தாயின் எண், குட்டி எண்ணிக்கை, பிறந்த எடை, மூன்றாம் மாத எடை ஆகியவற்றை எழுதி வாருங்கள். எந்தத் தாயின் குட்டிகள் தொடர்ந்து நன்றாக வளர்கின்றன என்பதை இரண்டாம் ஆண்டில் அந்த நோட்டே காட்டிவிடும். பட்டியில் வைக்கும் பெட்டைக் குட்டிகளை அந்தத் தாய்களிடமிருந்தே எடுங்கள். அழகைப் பார்த்து எடுக்க வேண்டாம்.

ஊசிக்கு ஒரு நாள், புழுவுக்கு ஒரு கண்

ஒரே வாரத்தில் மந்தையைக் காலி செய்யக்கூடியது ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் வடிதல், வாய்ப்புண், நாற்றமடிக்கும் கழிச்சல் இவை அறிகுறிகள். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த அரசூர்க் கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. 2030-க்குள் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பது என்று சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. உங்கள் பட்டியில் அந்த வேலை ஓர் ஊசியில் முடியும். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு பாதுகாப்பு.

அடுத்தது துள்ளுமாரி. மழை பெய்து புதுப்புல் தழைக்கும்போது, கொழுத்த, நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் துள்ளி விழும். விற்பனைக்குத் தயாராக நிற்கும் குட்டி அதுவே. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊசி போடுங்கள். முதல்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு வாரம் கழித்து மறு ஊசி வேண்டும். சினை ஆட்டுக்கு ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்புச் சேரும். கோமாரி ஊசியைக் கால்நடைத்துறை முகாம் நடக்கும்போது தவறவிடாதீர்கள்.

குடற்புழுவில் மோசமானது இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் புழு. அதைக் கண்டுபிடிக்கக் கீழிமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவந்திருந்தால் கவலை இல்லை. வெளிறி வெள்ளையாக இருந்தால், தாடைக்குக் கீழ் நீர் கோத்திருந்தால் உடனே மருந்து கொடுக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் சாணப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். குறைந்த அளவில், அதே மருந்தை அடிக்கடி கொடுத்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். பனி ஈரம் காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டுவது காசில்லாத புழு மருந்து.

சந்தையில் உங்கள் கை

ஆட்டுச் சந்தை கூடும் நாட்கள்: எட்டயபுரம் சனிக்கிழமை, மேலப்பாளையம் செவ்வாய், அய்யலூர் வியாழன், செஞ்சியும் வேப்பூரும் வெள்ளி. விற்பதற்கு முன் ஒரு மாதம் உங்கள் பகுதிச் சந்தைக்கு வெறுங்கையோடு போய், எந்த நிற ஆடு, எந்த எடை, என்ன விலைக்குப் போகிறது என்று கவனித்து வாருங்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசும் இடத்தில், எடை தெரியாதவர் கைதான் தாழும். வீட்டிலேயே ஒரு தொங்கு தராசு வாங்கி ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறைச்சி நிற்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். "அண்ணே, பதினெட்டரைக் கிலோ நிக்குது, கிலோக் கணக்குல பேசுங்க" என்று சொல்ல முடிந்தவரிடம் கண்மதிப்புப் பேச்சு நீளாது.

புரட்டாசியிலும், கார்த்திகை மார்கழியில் மாலை போடும் காலத்திலும் கறி விற்பனை தளரும். தீபாவளி, பொங்கல், கோயில் கொடைகள், பக்ரீத் ஆகியவற்றுக்கு ஏறும். பக்ரீத் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்து வரும். குர்பானிக்கு ஒரு வயது நிறைந்த, கொம்பு முறியாத, காது அறுபடாத, நொண்டாத கிடா கேட்பார்கள். அதற்கென நான்கைந்து கிடாவை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வளர்த்தால் வீடு தேடி வந்து வாங்குவார்கள். நேர்த்திக்கடனுக்கு வாங்குபவர் நிறமும் சுழியும் பார்ப்பார். காயடித்த கிடா சதை போடும், வாடை குறையும். ஆனால் உங்கள் பகுதியில் வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே காயடியுங்கள்.

அவசரத்துக்கு விற்பவருக்கு எப்போதும் விலை குறையும். ஆகவே ஒவ்வொரு பருவ விற்பனையிலும் ஒரு பங்கை, அடுத்த விற்பனை வரையிலான வீட்டுச் செலவுக்காகத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பள்ளி திறக்கும் மாதத்தில் பத்துக் கிலோக் குட்டியைப் பிடித்து விற்க வேண்டிய நிலை வராது.

எப்போது பெருக்குவது

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 100 பெட்டை, 5 கிடாவிலிருந்து தொடங்கும் பண்ணைகளுக்குப் பாதி மானியம் தருகிறது. அந்த எண்ணிக்கை பெரியது, அதற்கான தீவன நிலமும் ஆட்களும் கடன் சுமையும் பெரியவை. மானியத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். முதலில் 10 பெட்டையோடு தொடங்கி, அருகிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாய் ஆட்டையும் காது வில்லையோடு காப்பீடு செய்யுங்கள்.

தொடர்ந்து மூன்று பருவம் உங்கள் நோட்டில் குட்டிச் சாவு நூற்றுக்குப் பத்துக்குள் நிற்கிறதா? கோடையிலும் தழை விலைக்கு வாங்காமல் சமாளித்தீர்களா? வீட்டில் இன்னொருவர் உங்கள் இடத்தில் நின்று ஒரு வாரம் பட்டியைப் பார்த்துக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால், வெளியிலிருந்து வாங்காமல், உங்கள் சொந்தப் பெட்டைக் குட்டிகளை நிறுத்தியே 20 ஆக்குங்கள், பிறகு 40. ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால், அடுத்த பருவம் முழுவதும் அந்த ஒன்றைச் சரிசெய்வதற்கே கொடுங்கள். கூடுதல் ஆடு அதுவரை காத்திருக்கட்டும்.